விரிந்த சுரக்கூட்டும் ஐந்து விரல்களும்

பியானோ பயிலும் மாணவச் செல்வங்கள் ‘ஜி 13’ என்னும் குறியீட்டைக் கண்டதும் மலைப்பதுண்டு. அதன் அமைப்பை இங்கு நோக்குவோம்.

‘சி’ மேஜர் சுரவரிசையின் ஐந்தாஞ் சுரம் ஜி. இதுவே டொமினன்ட் எனப்படும். அதிலிருந்து ஒன்றுவிட்டொன்றாக ஜி, பி, டி, எஃப் ஆகியவற்றைச் சேர்த்தால் ‘ஜி 7’ பிறக்கும். அவ்வாறே மேலேறினால் ஏ 9 ஆகவும், சி 11 ஆகவும், ஈ 13 ஆகவும் அமையும். இவ்வேழினையும் ஜி முதலாக வரிசைப்படுத்தின், கர்நாடக இசை பயில்வோர் அறிந்த அரிகாம்போதியின் சுரங்களே கிடைக்கும்!

ஏழினையும் ஒருசேர அழுத்த வேண்டுவதில்லை. ‘சி’ அருகிலுள்ள ‘பி’யுடன் மோதும், ஆதலின் அதனை விடுவோம். ‘டி’ இல்லாவிடினும் குறையில்லை. ஆனால் ‘பி’யையும் ‘எஃப்’பையும் விடலாகாது, இக்கூட்டின் ஏக்கம் அவற்றிடமே உள்ளது.

இடக்கையில் ஜி, எஃப். வலக்கையில் பி, ஈ, ஏ எனக் கீழிருந்து மேலாக ஒலித்துச் சற்றே நிறுத்துங்கள். அருகிருக்கும் பெற்றோரின் செவியும் அடுத்ததை எதிர்பார்க்கும். இப்பொழுது ‘பி’ ஏறிச் ‘சி’யை அடைய, ‘எஃப்’ இறங்கி ‘ஈ’யை அடைய, ‘ஏ’ ‘ஜி’க்கு இறங்க, ‘ஈ’ அசையாது நிற்க, அடிச்சுரம் ‘சி’க்குச் செல்லட்டும். ஏக்கம் தீரும்.

சேர்க்க அறிவதுடன் விடுக்கவும் அறிதலே இசைப் பயிற்சி என்பதை நாம் உணர்வோமாக.