தேவையானதை மட்டும் திற

அன்புள்ள தம்பிக்கு,

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இறங்கிவிட்டாய். பழைய கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் புதியதுக்கு மாற்றித் தரச் சொல்லி வீடுவீடாக உன்னைக் கூப்பிடுவார்கள். அதில் கல்யாண வீடியோ இருக்கும், காலமாகிவிட்ட பெரியவர்களின் படங்கள் இருக்கும். பென்டிரைவில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்காதே. ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆன பென்டிரைவில் 4 ஜிபியைத் தாண்டிய ஒரு ஃபைல்கூட ஏறாது. இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரு லேன் கேபிளால் நேராக இணைத்துவிடு. ரவுட்டரும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம்.

பழைய 100 மெகாபிட் கார்டுகள் 1, 2 பின்களில் அனுப்பும். 3, 6 பின்களில் வாங்கும். அதனால்தான் ஒரு முனையை 568ஏ, மறுமுனையை 568பி வரிசையில் கிரிம்ப் செய்த கிராஸ் கேபிள் தேவைப்பட்டது. கிகாபிட் கார்டு இருந்தால் அதுவே மாற்றிக்கொள்ளும். சாதாரண கேபிள் போதும். ஆனால் இரு முனையும் யூஎஸ்பி ஏ ஆக உள்ள கேபிளைச் செருகிவிடாதே. இரண்டு பக்கமும் 5 வோல்ட் தரும், போர்ட் போய்விடலாம்.

செருகியதும் இணைப்பின் வேகத்தைப் பார். 1 கிகாபிட் இருந்து, ஹார்ட் டிஸ்க்கும் ஈடுகொடுத்தால், 100 ஜிபி ஏறக்குறைய கால் மணி நேரத்தில் போய்விடும். 100 மெகாபிட்டில் அதற்கே இரண்டரை மணி நேரம் ஆகும். இரண்டும் கிகாபிட் கார்டாக இருந்தும் 100 என்று காட்டினால் கேபிளைச் சந்தேகப்படு. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100க்கு இரண்டு ஜோடி போதும்.

அடுத்தது முகவரி. ரவுட்டர் இல்லாததால் ஐபி எண் கொடுக்க யாரும் இல்லை. விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் எண்ணை எடுத்துக்கொள்ளும். இரண்டும் அதே வரிசையில் இருந்தால் வேலை நடக்கும். நீயே கொடுப்பதென்றால் 192.168.10.1, 192.168.10.2 என்று கொடு; மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. வீட்டு வைஃபை அதே வரிசையில் இருந்தால் வேறு வரிசைக்குப் போ.

இதற்குப் பிறகும் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்றால்தான் நம் ஆட்கள் பலர் அவசரப்படுகிறார்கள். ஃபயர்வாலை முழுவதும் அணைப்பார்கள், சி டிரைவையே ஷேர் செய்வார்கள், பாஸ்வேர்டு வேண்டாம் என்று வைப்பார்கள். ஃபைல் போய்விடும்; ஆனால் அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் அன்றிலிருந்து திறந்தே கிடக்கும். எங்கே தடை என்று கண்டுபிடித்து அதை மட்டும் நீக்கு. பெரும்பாலும் விண்டோஸ் இந்த இணைப்பைப் பொது நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டிருக்கும். அதைப் பிரைவேட் என்று மாற்றி, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்.

எக்ஸ்பி ஓடும் பழைய மெஷின் வந்தால் எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் ஷேரிங் முறையைக் கேட்கும். கொடுக்காதே. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவி, பிரிட்டனில் மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அதை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தும், போடாத மெஷின்கள் சிக்கின. எக்ஸ்பி மெஷின் என்றால் டிஸ்கைக் கழற்றி யூஎஸ்பி அடாப்டரில் மாட்டி எடு.

தேவையான ஃபோல்டரை மட்டும், பாஸ்வேர்டு உள்ள ஒரு தற்காலிக யூசருக்கு, படிக்கும் அனுமதியோடு மட்டும் பழைய கம்ப்யூட்டரில் ஷேர் செய். புதியதில் உட்கார்ந்து இழுத்துக்கொள். கை தவறினாலும் அங்கிருந்து மூலத்தை அழிக்க முடியாது.

காப்பி முடிந்ததும் ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் இரு பக்கமும் ஒப்பிடு. சில வீடியோக்களை ஓட்டிப் பார். பழைய டிஸ்கை அன்றைக்கே ஃபார்மட் செய்யாதே. வீட்டுக்காரர் நிதானமாகப் பார்த்துச் சொல்லட்டும்.

கிளம்பும் முன் ஷேரை எடு, அந்த யூசரை நீக்கு, ஐபியைத் தானியங்கிக்கு மாற்று. இல்லையென்றால் நாளை அவர் ரவுட்டர் கேபிளைச் செருகும்போது இன்டர்நெட் வராது. படங்கள் வந்துவிட்டனவா என்பதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். நீ திறந்ததையெல்லாம் மூடினாயா என்பதை அவரால் பார்க்க முடியாது. அந்தப் பொறுப்பு முழுக்க உன்னுடையது.

அன்புடன்,
உன் அண்ணன்