ஆசியக் காட்டுக்கழுதையும் அதன் கிளையினங்களும்

கட்ச் சிறு ரண்ணில் திரியும் காட்டுக்கழுதை, ஊர்தோறும் பொதி சுமக்கும் கழுதையின் மூதாதை அன்று. வீட்டுக் கழுதை ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதையின் வழிவந்தது. ரண்ணில் வாழ்வதோ ஆசியாவுக்கே உரிய வேறோர் இனம். 1775-இல் பல்லாஸ் என்னும் அறிஞர் இவ்வினத்துக்கு இட்ட ‘ஹெமியோனஸ்’ என்ற பெயர் கிரேக்கத்தில் ‘பாதிக் கழுதை’ எனப் பொருள்படும். பெயரிடும்போதே தோன்றிய தயக்கம் இன்னும் முற்றத் தீரவில்லை.

ஓர் இனத்துள் வாழிடத்தால் பிரிந்து, உருவில் சிறிது வேறுபட்டு நிற்கும் கூட்டத்தைக் கிளையினம் என்பர். மங்கோலியக் கழுதை, துருக்மேனியாவின் குலான், ஈரானின் ஓனாகர், இந்தியாவின் குர், 1927-இல் அற்றுப்போன சிரியக் கழுதை என ஐந்து கிளைகள் கொள்வது பெருவழக்கு. கோபிப் பாலையின் கழுதையைத் தனியே பிரித்து ஆறாவதாக எண்ணுவோரும் உளர்.

இக்கருத்து வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. பழைய பகுப்புகள் பெரும்பாலும் அருங்காட்சியகத் தோல்களையும் மண்டையோடுகளையும் கொண்டு செய்யப்பட்டவை. இவ்விலங்கின் நிறமோ பருவந்தோறும் மாறுவது. கோடையில் எடுத்த தோலையும் குளிர்காலத்தில் எடுத்த தோலையும் அருகருகே வைப்பின், ஒரே கூட்டத்து விலங்குகளும் இரு வேறு கிளைகளாகத் தோன்றக்கூடும். தோல் கிடைத்த நாள் குறிக்கப்படாவிடில் அத்தோலால் பெறும் பயன் சிறிதே.

லடாக்கில் வாழும் கியாங்கும் ஒருகாலத்தில் ஹெமியோனஸின் கிளையாகவே கருதப்பட்டது. ஓனாகருக்குக் குரோமோசோம்கள் 55 அல்லது 56; கியாங்குக்கு 51 அல்லது 52. உருவ வேறுபாட்டோடு இதனையும் கருதிப் பலர் கியாங்கைத் தனி இனமாக்கினர். எனினும், தாய்வழி மரபுப்பொருளை ஆராய்ந்த பிற்கால ஆய்வுகள் சில இப்பிரிவினை அத்துணைத் தெளிவானதன்று எனக் காட்டின.

இவை வெறும் பெயர்ச் சண்டை என ஒதுக்கத்தக்கன அல்ல. இஸ்ரேலின் நெகேவ் பாலையில் 1982 முதல் விடப்பட்டவை ஓனாகரும் குலானும் கலந்து பிறந்த கழுதைகள். கலந்த மரபை மீண்டும் பிரித்தல் இயலாது. குர் இன்று பெரும்பாலும் சிறு ரண்ணையும் அதன் சுற்றுப்புறத்தையுமே நம்பியுள்ளது. 1969-இல் 362 ஆகச் சுருங்கிய அதன் தொகை 2024 கணக்கெடுப்பில் 7,672 ஆக உயர்ந்தது. ஆயினும் ஓரிடத்தே திரண்ட கூட்டத்துக்குக் கொள்ளைநோய் பேரிடர். குர் தனிக் கிளையாயின், அழிந்தபின் ஈரானிலிருந்து கொணர்ந்து அதன் இடத்தை நிரப்ப முடியாது. ஆகவே களப்பணியாளர் இறந்த விலங்கைக் காணுமிடத்து, முதுகுக் கோட்டின் நிறம், அதன் இருபுறத்து வெண்மை, பிடரி மயிர் ஆகியவற்றோடு இடத்தையும் நாளையும் தவறாது எழுதி வைத்தல் வேண்டும்.