பழைய பிக்கப் வண்டியில் கியர் பெட்டி மாற்றுதல்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் வேலையை முற்காலத்தில் இரட்டை மாட்டு வண்டிகள் செய்து வந்தன. இன்று அவ்வேலையில் பெரும்பகுதியைப் பிக்கப் என்று வழங்கும் சிறு சரக்கு வண்டிகள் ஏற்றுக்கொண்டுள்ளன. திருப்பரங்குன்றம், திருமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் பறிக்கப்படும் மல்லிகை மொட்டு, பழங்காநத்தத்தைக் கடந்து மாட்டுத்தாவணிப் பூச்சந்தையைக் காலையிலேயே அடைய வேண்டும். மொட்டு வாய் திறந்துவிட்டால் விலை இறங்கிவிடும். 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிகையும் இதற்கு விலக்கன்று. ஆகையால் பறிப்புக் காலத்தில் வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றால், பழுது பார்க்கும் செலவைவிட அதனால் நேரும் நஷ்டம் பெரிதாகக்கூடும்.

வண்டியை அவ்விதம் நெடுநாள் நிறுத்தும் பழுதுகளுள் கியர் பெட்டிக் கோளாறு ஒன்று. "பெட்டி போய்விட்டது" என்று கேட்ட மாத்திரத்தில் பழைய பெட்டியொன்றை வாங்கி மாட்டிவிட்டு, அதே கோளாறை மறுபடியும் காண்பவர் உண்டு. கோளாறு பெட்டியில் இராமல் வேறிடத்தில் இருந்திருக்கும். அல்லது வாங்கிய பெட்டி அவ்வண்டிக்கு இணையாகாததாயிருக்கும். இவ்விரண்டையும் வண்டியுடையவர் தாமே ஆராய்ந்தறிய உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கியர் பெட்டியின் வேலை

கடப்பாரையின் நீளம் கூடினால் பெருங்கல்லும் எளிதில் கிளம்பும். ஆனால் கை அதிக தூரம் செல்ல வேண்டும். அதுபோல, சிறு பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும்போது வேகம் குறைந்து பலம் பெருகுகிறது. பாரம் ஏற்றிய வண்டி சேற்றிலிருந்து கிளம்ப இப்பலமே வேண்டும். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள கிளட்ச், வேண்டும்போது இரண்டையும் இணைத்து, வேண்டாதபோது பிரிக்கிறது. ஆகையால் கிளட்சின் குற்றம் பல சமயங்களில் பெட்டியின் குற்றம்போலத் தோன்றும்.

முதலில் செய்ய வேண்டிய சோதனைகள்

1. எஞ்சின் நின்றிருக்கும்போது கியர் எளிதில் விழுந்து, ஓடும்போது மட்டும் இடித்துக்கொண்டு விழ மறுத்தால், கிளட்ச் முழுதும் பிரியவில்லை என்று கொள்ளலாம். பெட்டியைத் தொடுமுன் கிளட்சைச் சரிபார்க்க வேண்டும்.

2. எஞ்சின் இரைந்து ஓடியும் வண்டி வேகம் பிடிக்காவிடில் பெரும்பாலும் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கும்.

3. கிளட்ச் பெடலை மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும். நியூட்ரலில் சத்தம் இருந்து, பெடலை மிதித்தவுடன் நின்றால் பெட்டியின் முன்பக்கத்துப் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

4. பெட்டியின் எண்ணெயை வடித்துப் பார்த்தல் அவசியம். வடிகால் திருகில் மை போன்ற மெல்லிய இரும்புத்தூள் இருப்பது இயல்பு. பல் துண்டுகளோ, பெரிய சிம்புகளோ இருப்பின் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். எண்ணெய் பாற்காப்பி நிறத்தில் இருந்தால், வாய்க்கால் கடக்கையில் தண்ணீர் புகுந்திருக்கலாம். காற்றுத் துவாரம் சேற்றால் அடைபட்டாலும் எண்ணெய் கசியும். அதைச் சுத்தம் செய்தல் போதும்.

5. கியர் தானாகவே நழுவி நியூட்ரலுக்கு வருமானால், பெட்டியைத் தாங்கும் ரப்பர்களையும் போல்ட்டுகளையும் முதலில் இறுக்கிப் பார்க்க வேண்டும். அவை சரியாயிருந்தும் நழுவினால் உள்ளே தேய்மானம் உண்டு.

இணையான பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

மாற்றியே தீர வேண்டுமென்று தெரிந்தபின், வெளித்தோற்றம் ஒன்றாயிருப்பதை மட்டும் நம்பி வாங்கலாகாது. பழைய பெட்டியை அருகில் வைத்து, எஞ்சினுடன் சேரும் போல்ட் துளைகள், முன்தண்டின் கனமும் அதிலுள்ள பள்ளங்களின் எண்ணிக்கையும், தாங்கிகள் அமையும் இடம், பின்தட்டு, மொத்த நீளம் ஆகியவற்றை ஒத்துப் பார்க்க வேண்டும். நீளம் மாறினால் புரொப்பெல்லர் ஷாப்டையும் மாற்ற நேரும். பல் விகிதம் மாறினால் வண்டியின் இழுவை மாறும். வேகமானியும் தவறாகக் காட்டக்கூடும்.

கழற்றுதலும் மாட்டுதலும்

சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்கு அணை கொடுத்து, பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்ற வேண்டும். ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டிக்கு அடியில் ஒருவரும் புகலாகாது. உறுதியான இரும்புத் தாங்கிகள் அவசியம். புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றுமுன் இரு தட்டுகளிலும் அடையாளமிட்டு, மாட்டும்போது அவ்வடையாளப்படியே சேர்த்தால் அதிர்ச்சி உண்டாகாது.

மாட்டும்போது பெட்டியின் பாரம் முழுவதையும் அதன் முன்தண்டில் தொங்கவிடுவது பெருந்தவறு. அதனால் கிளட்ச் பிளேட் வளைந்து கெடும். பெட்டி இறங்கியிருக்கும் சமயத்திலேயே ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், எஞ்சினின் பின்பக்கத்து எண்ணெய் சீல் ஆகியவற்றைச் சோதித்துத் தேய்ந்தவற்றை மாற்றிவிட வேண்டும். இச்சிறு செலவைத் தவிர்த்தால் அதே வேலையை மறுபடியும் முதலிலிருந்து செய்ய நேரும். எண்ணெய் விஷயத்தில் தயாரிப்பாளர் புத்தகமே பிரமாணம். அதில் ஜி.எல். 4 என்று குறித்திருந்தால் ஜி.எல். 5 ஊற்றலாகாது, பித்தளையாலான உட்பாகங்கள் அரிபடக்கூடும்.

தானியங்கிப் பெட்டி

கியர் தானாக மாறும் பெட்டியை ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1940-ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் பெருமளவில் அளித்தனர். நம் நாட்டுப் பிக்கப் வண்டிகளில் கைக்கியரே பெருவழக்கு. எனினும் 2022-இல் இங்கு விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவற்றில் தானியங்கிப் பெட்டியும் கிடைக்கிறது. இத்தகைய வண்டி வைத்திருப்பவர் சில விஷயங்களை மறக்கலாகாது.

இதன் எண்ணெய் கருத்துத் தீய்ந்த வாசனை வீசினால் உள்ளே கேடு தொடங்கிவிட்டதென்று அறியலாம். எஞ்சின் நின்றிருக்கையில் உள்ளிருக்கும் எண்ணெய்ப் பம்பு வேலை செய்யாது. ஆதலால் ஓட்டுசக்கரங்கள் தரையில் உருளும்படி டிராக்டரில் கட்டி இழுத்துச் செல்வது பெட்டியைப் பாழாக்கும். புதிதாக மாட்டும்போது, டார்க் கன்வர்ட்டர் என்னும் பாகம் பம்பில் முழுதும் அமர்ந்து தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்த பிறகே போல்ட்டுகளை முடுக்க வேண்டும். இடைவெளியைப் போல்ட்டால் இழுத்து மூடினால் பம்பு உடையும். எண்ணெயைக் குளிரச் செய்யும் குழாய்களைக் கழுவாமல் மாட்டினால், பழைய பெட்டியின் இரும்புத்தூள் புதியதையும் அழித்துவிடும். மின்னணுக் கட்டுப்பாடுள்ள பெட்டிக்குப் பதிலாக வேறு மாதிரியை மாட்ட முயலுதல் பயன் தராது.

பதிவு விவரங்கள்

எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியின் பதிவுச் சான்றில் உள்ளன. சிலர் பெட்டியோடு எஞ்சினையும் சேர்த்தே வாங்கி மாற்றிவிடுகின்றனர். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, பதிவு அதிகாரியின் அனுமதியின்றி அவ்விதம் செய்யலாகாது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே அனுமதி பெறுதல் அவசியம். 8 ஆண்டு கடந்த சரக்கு வண்டிகளுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டுமாகையால், இக்குறை மறைந்திராது. பழைய சாமான் வாங்குவோர், விற்பவரின் பில்லைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். திருட்டு வண்டியின் பாகம் என்ற சந்தேகம் எழுந்தால் அப்பில்லே துணையாகும். கிராம அதிகாரிகள் இதைக் குடிகளுக்கு எடுத்துச் சொல்வது நன்று.

வேலை முடிந்தபின் பாரமின்றிச் சிறிது தூரம் ஓட்டிப் பார்த்து, சில நாட்களுக்குப் பிறகு போல்ட்டுகளையும் எண்ணெய் மட்டத்தையும் மறுபடி சோதிக்க வேண்டும். பறிப்புக்கும் அறுப்புக்கும் முந்திய ஓய்வு நாட்களில் இச்சோதனைகளை முடித்துவைத்தால், அவசர காலத்தில் வண்டி கைவிடாது.