காலேஜுக்குள்ளேயே ஒரு வேலை: நம்ம பிள்ளைங்க என்ன கத்துக்கலாம்?



குழுக் கூட்டங்களுக்கு வரும்போது இப்போதெல்லாம் நாங்கள் கேட்கிற ஒரு கேள்வி: "மேடம், எம் பொண்ணு காலேஜ்லயே பார்ட் டைமா கம்ப்யூட்டர் வேலை பாக்கவான்னு கேக்குறா. போஸ்டர் போடுறது, வீடியோ எடிட் பண்றதாம். படிப்பு கெட்டுப் போயிடாதா? அதுல என்ன பெரிசா காசு வந்துடும்?" இந்த மாதப் பாடத்தில் இதைப் பற்றிப் பார்ப்போம்.

இது புதுசா?

இல்லை. மகாராஷ்டிராவில் கர்மவீர் பாவ்ராவ் பாட்டீல் 1919-ல் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகள் உழைத்துக்கொண்டே படிக்க அங்கே வழி செய்தார். அமெரிக்காவில் பெரியா கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. 1892 முதல் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு மாணவரும் வாரம் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரி வேலை செய்ய வேண்டும். அந்தக் காலத்தில் தோட்டம், நெசவு என்று இருந்த வேலையோடு, இன்று பல கல்லூரிகளில் போட்டோ, வீடியோ, போஸ்டர் வேலையும் சேர்ந்திருக்கிறது.

இதில் என்ன லாபம்?

வெளியே கோர்ஸ் படித்தால் பீஸ் கட்ட வேண்டும். முடித்த பிறகு பழகிப் பார்க்க வீட்டில் கம்ப்யூட்டர் இருக்காது, கேமராவும் இருக்காது. கல்லூரி வேலையில் கருவி கல்லூரியுடையது, சொல்லிக் கொடுக்க ஆள் உண்டு, கையில் கொஞ்சம் காசும் வரும். நம் குடும்பங்களுக்கு முதல் லாபம் இதுதான்.

இரண்டாவது லாபம், தொழில் நுணுக்கம். சில உதாரணங்கள்:

1. கம்ப்யூட்டர் திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிற ஒளியால் படம் தெரிகிறது. அச்சில் நான்கு நிற மை. அதனால் திரையில் பளிச்சென்று தெரிந்த நிறம் நோட்டீஸில் மங்கலாக வரலாம்.

2. கையில் வைத்துப் படிக்கிற நோட்டீஸ் தெளிவாக வர, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் படம் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோ சுருங்கிவிடும். பெரிதாக்கினால் கலங்கித் தெரியும்.

3. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கிறுக்கல் மாதிரி தெரியும். யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

4. படத்துக்கு கிம்ப், ஓவியத்துக்கு இங்க்ஸ்கேப், ஒலிக்கு அடாசிட்டி. இவை இலவச மென்பொருள்கள்.

மூன்றாவது லாபம்தான் பெரியது. வகுப்பில் ஒரு தடவை செய்து காட்டினால் மார்க். வேலையில் அப்படி இல்லை. "தேதி தப்பு, பெயர் விட்டுப்போச்சு, நாளைக்கே வேணும்" என்று மூன்று தடவை திருப்பி அனுப்புவார்கள். முகம் சுளிக்காமல் திருத்திக் கொடுக்கப் பழகிவிட்டால் அது எந்த வேலைக்கும் உதவும். நாளைக்கு இன்டர்வியூவில் "இதுவரை என்ன செஞ்சிருக்கே?" என்று கேட்டால், எடுத்துக் காட்ட அவளிடம் நாலு வேலை இருக்கும்.

எதைக் கவனிக்கணும்?

சம்மதம் சொல்வதற்கு முன் மகளோடு உட்கார்ந்து பேசுங்கள்.

* வாரம் எத்தனை மணி நேரம்? அமெரிக்கா போய்ப் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள்கூட, வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்பது விதி. படிப்புதான் முதலில். தேர்வு நேரத்தில் விடுப்பு உண்டா?
* சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் இருக்கிறதா? அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் வருமா? "பழகத்தானே செய்யறே" என்று மாதக்கணக்கில் சும்மா வேலை வாங்குவது சரியல்ல.
* மாலையில் பஸ் எத்தனை மணிக்கு? பொறுப்பாளர் யார்? தொந்தரவு என்றால் கல்லூரியின் உள் புகார்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம் என்பது அவளுக்குத் தெரியுமா?
* மற்றவர்களைப் படம் எடுத்தால் அவர்கள் சம்மதம் கேட்டாளா?

மடிக்கணினி வாங்க உடனே உள்கடன் எடுக்க வேண்டாம். ஆறு மாதம் கல்லூரிக் கம்ப்யூட்டரில் பழகட்டும். பிறகு தேவையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

இன்னொன்றையும் நாம் பேசித்தான் ஆக வேண்டும். பையன் பகுதிநேர வேலை பார்த்தால் "பொறுப்பு வந்துடுச்சு" என்கிறோம். பொண்ணு கேட்டால் "அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வா, அடுப்பைப் பாரு" என்கிறோம். இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே?

அவள் கற்றது நம் குழுவுக்கும் வரும். நம் ஊறுகாய்ப் பாக்கெட் லேபிளில் சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் எல்லாம் இருக்க வேண்டும். அதைப் படிக்கிற மாதிரி அழகாக அமைத்துத் தர நம் பிள்ளையே இருந்தால் நல்லதுதானே. ஆனால் அவளுக்கும் கூலி கொடுத்து, வரவு செலவில் எழுதுங்கள்.

குழுவில் விவாதிக்க:

1. நம் குழுவில் எத்தனை பேருடைய பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள்? அங்கே இப்படி வேலை உண்டா என்று யார் விசாரிப்பது?
2. மகள் வேலைக்குப் போகும் நாட்களில் வீட்டு வேலையை யார் யார் பகிர்ந்துகொள்வது?
3. நம் குழுவின் லேபிள், நோட்டீஸ் வேலைக்கு எவ்வளவு கூலி தரலாம்?

பேசி முடிவு செய்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.