கடற்காற்றும் நம் வண்டியும்

நம் சங்க நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் தம் காரை விற்க முயன்றார். எட்டு வருடக் கார். மேலே ஒரு கீறல் கிடையாது. வாங்க வந்தவர் கூட்டி வந்த மெக்கானிக், தரை விரிப்பைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால் இலேசாகக் குத்தினார். அது தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே போயிற்று. பேரம் அத்துடன் முடிந்தது. "மாதந்தவறாமல் பாலிஷ் போட்டேனே, சார்!" என்று என்னிடம் வந்து வருந்தினார்.

ரயில்வே ஒர்க்ஷாப்பில் பெட்டிகளின் துருவோடு பல்லாண்டு மல்லுக்கட்டியவன் என்ற முறையில், அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன். மும்பையில் வாழும் நம் எல்லோருக்கும் இது பயன்படும்.

துரு எப்படிப் பிடிக்கிறது?

இரும்பு துருப்பிடிக்க நீரும், காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்காகும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துருப்பிடிப்பதே இரும்பின் மேற்பரப்பில் நடக்கும் ஒரு மின்வேதியியல் வேலைதான். தவிர, உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீர்த்துப் போகும். ஜூலை மாதத்தில் நம் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தால் இது விளங்கும். வண்டியின் அடியில் படிந்த உப்பும் அப்படித்தான். மழை நின்ற பிறகும் அந்த இடம் காய்வதில்லை.

கூரையிலும் பானெட்டிலும் படியும் உப்பை மழையே கழுவிவிடும். அடிப்பாகத்தைக் கழுவ யாரும் இல்லை. காலையில் வந்து வண்டி துடைக்கும் பையனும் மேலே மட்டும்தான் துடைக்கிறான்.

ரயில் பெட்டி கற்பித்த பாடம்

பெரம்பூரில் 1955 முதல் தயாரான பழைய மாதிரிப் பெட்டிகள் ஓவர்ஹாலுக்கு வரும்போது, பக்கச் சுவர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கழிப்பறைக்கு அடியிலும் கதவு வழியிலும் தரையைத் திறந்தால் தகடு அப்பளமாக உதிரும். நீர் தேங்கி, யார் கண்ணும் படாத இடங்கள் அவை. அந்த மாதிரிப் பெட்டிகளின் தயாரிப்பு 2018-இல் நின்றது. இப்போது வருபவை துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. நம் கார்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் அந்த வசதி இல்லை. இன்றைய கார்கள் பலவற்றின் தகட்டில் துத்தநாகப் பூச்சு உண்டு. இரும்புக்காகத் துத்தநாகம் தன்னை அழித்துக்கொள்ளும். அது தீர்ந்தால் அடுத்தது இரும்புதான்.

நானே செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் ஸ்கூட்டரை மழைக்காலம் முழுவதும் பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக மூடி வைத்தேன். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை. இரண்டே மழைக்காலத்தில், கால் வைக்கும் தகடு ரப்பர் விரிப்பின் அடியில் ஓட்டையாயிற்று. என் மகள் நின்றுகொண்டு வரும் இடம் அது. நல்லவேளை, ஒன்றும் நேரவில்லை.

செய்ய வேண்டியவை

1. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பல சொஸைட்டிகளில் போர்வெல் நீர் உப்பாக இருக்கும். அதில் கழுவுவது உப்பைப் பூசுவதற்குச் சமம். கழுவியபின் காற்றாட நிறுத்துங்கள்.

2. கார்க் கதவுகளின் கீழ் விளிம்பில் நீர் வடியும் சிறு துளைகள் உண்டு. சேறு அடைத்தால் கதவுக்குள் நீர் நிற்கும். மெல்லிய குச்சியால் குத்தி விடுங்கள்.

3. மிளகளவு கொப்புளம் கண்டால் அன்றே கவனியுங்கள். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால்தான் பெயிண்ட் உப்புகிறது. உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளித் தகடு தெரிந்தபின் பிரைமர், அதன்மேல் பெயிண்ட். பிரைமரோடு விட்டுவிடாதீர்கள், அது ஈரத்தை உள்ளே விடும். துருவின் மேலேயே பெயிண்ட் அடிப்பது புண்ணை மூடி வைப்பதாகும்.

4. அடிப்பாகப் பூச்சு நல்லதுதான். ஆனால் கழுவி, நன்கு காய்ந்து, துரு நீக்கிய பிறகே அடிக்க வேண்டும். வடிகால் துளைகள், சைலன்சர், பிரேக் பாகங்கள் மேல் படக் கூடாது. பழைய என்ஜின் ஆயிலைப் பூசச் சொல்வார்கள், வேண்டாம். அதில் அமிலம் சேர்ந்திருக்கும், ரப்பர் பாகங்களையும் கெடுக்கும்.

5. மூடுவதானால் காற்றுப் புகும் துணி உறையே போடுங்கள். உள்ளே ஈர விரிப்புகளை வைக்காதீர்கள்.

6. மெரைன் டிரைவில் அலை தெறித்தாலோ, கிங்ஸ் சர்க்கிள், ஸயன் பக்கம் தேங்கிய நீரில் ஓட்டினாலோ, மறுநாள் வரை காத்திராமல் கழுவுங்கள். மழை நேரத்தில் கடல் ஏறினால் ஓடை நீரும் தெருவுக்கு வரும்.

7. வருடத்தில் இருமுறை, மே மாதக் கடைசியிலும் அக்டோபரிலும், வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் நீங்களே பாருங்கள். முக்கியமாக, பிரேக் எண்ணெய் செல்லும் இரும்புக் குழாயைக் காட்டச் சொல்லுங்கள். செதில் செதிலாகத் துரு இருந்தால் சுரண்டிப் பூசி ஒப்பேற்ற வேண்டாம், மாற்றிவிடுங்கள். தரை ஓட்டையானால் பணம்தான் நஷ்டம். இந்தக் குழாய் பிரேக்கை அழுத்தும் நேரத்தில் வெடித்தால் குடும்பமே ஆபத்தில்.

நண்பர் இப்போது தரைக்கு வெல்டிங் செய்து, காரைத் தாமே வைத்துக்கொண்டார். பாலிஷ் டப்பாவோடு ஒரு டார்ச் விளக்கும் வாங்கியிருக்கிறார். வரும் ஞாயிறு நீங்களும் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு உங்கள் வண்டிக்கடியில் குனிந்து பாருங்கள்.