சாப்பிட்டது அப்படியே வெளியே வருகிறதா? மாத்திரைக்கு முன் நாயைக் கவனியுங்கள்

கேள்வி: ஏர்பேடு பக்கத்தில் இருக்கிறோம். இரண்டு கறவை மாடு, வீட்டை ஒட்டிக் கொஞ்சம் மாந்தோப்பு. மணி என்று ஒரு நாய் வளர்க்கிறோம். லாப்ரடார் கலப்பு, மூன்று வயது. மூன்று வாரமாகச் சாப்பிட்ட பத்து நிமிடத்துக்குள் வாந்தி எடுக்கிறது. முக்கல் முனகல் எதுவும் இல்லை. தலையைக் குனிகிறது, சோறு பருக்கை பருக்கையாக அப்படியே கொட்டுகிறது. கொட்டியதையே திரும்பவும் தின்கிறது. பசிக்குக் குறைவில்லை, ஓடியாடவும் செய்கிறது. ஆனால் கொஞ்சம் இளைத்துவிட்டது. மருந்துக்கடையில் சொல்லி வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், கேட்கவில்லை. இரண்டு மாதம் முன்புதான் பூச்சி மருந்தும் கொடுத்தோம். தயிர்சாதம் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். பூண்டை நசுக்கிக் கொடுக்கச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பகல் முழுக்க மாட்டுக்கொட்டகையில் சாணத்தைக் கிளறிக்கொண்டு கிடக்கிற நாய் இது. கோழிக்கடைக் கழிவையும் வாரம் ஒருமுறை வாங்கிப் போடுகிறோம். என்ன செய்யலாம்?

- ஒரு வாசகி, ஏர்பேடு, திருப்பதி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் எழுதியதில் மூன்று விஷயங்கள் முக்கியமானவை. சோறு செரிக்காமல் அப்படியே வருகிறது. முக்காமல் முனகாமல் வருகிறது. மூன்று வாரத்தில் நாய் இளைத்திருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், கோளாறு வயிற்றில் இருப்பதைவிட உணவுக்குழாயில் இருக்கவே வாய்ப்பு அதிகம். வாந்தி மாத்திரை கேட்காமல் போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். எனவே இந்த வாரமே மணிக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

வாந்தியா, கக்கலா?

நாய் வாந்தி எடுப்பதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். அமைதியில்லாமல் நடக்கும், உதட்டை நக்கும், எச்சில் ஒழுகும். பிறகு வயிற்றை எக்கி எக்கிக் குமட்டும். வெளியே வருவது பாதி செரித்துக் கூழாக இருக்கும், மஞ்சள் பித்தமும் கலந்திருக்கலாம். இது இரைப்பையிலிருந்தோ குடலின் தொடக்கத்திலிருந்தோ வருவது.

கக்குவது வேறு. கைக்குழந்தை பால் கக்குகிற மாதிரி, எந்த முயற்சியும் இல்லாமல் நிகழ்ந்துவிடும். உணவு இரைப்பைக்குப் போய்ச் சேரவே இல்லை, நடுவழியிலிருந்து திரும்பி வருகிறது. அதனால் பித்தம் இருக்காது. பருக்கை பருக்கையாக, வழவழப்பான எச்சில் பூசியிருக்கும், சில சமயம் குழாய் வடிவிலேயே உருண்டு விழும். மணிக்கு நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை நடக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி மேசையில் எந்த நாயும் கக்கிக் காட்டாது. அரை நிமிட வீடியோ இருந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் வந்தது, தண்ணீரும் வருகிறதா, நிறம் என்ன என்பதையும் ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள்.

மணிக்கு என்னவாக இருக்கலாம்?

முதலாவது, அவசரத் தீனி. லாப்ரடாருக்குப் பசி அடங்குவதே இல்லை என்பதற்கு மரபணுக் காரணமும் உண்டு. ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். இப்படிப்பட்ட நாய் மெல்லாமல் விழுங்கும், விழுங்கியதில் பாதியை வெளியே தள்ளும். வேறு நாய் பக்கத்தில் நின்றால் வேகம் இன்னும் கூடும். ஆனால் அவசரத் தீனி மட்டும்தான் காரணம் என்றால் நாய் இப்படி இளைக்காது.

இரண்டாவது, உணவுக்குழாய் தளர்ந்து விரிந்துபோவது. விழுங்கிய உணவைக் கீழே தள்ளும் வலு அந்தக் குழாய்க்கு இருக்காது. தசையும் நரம்பும் சம்பந்தப்பட்ட சில நோய்களில் இது வரும். பால் மறந்து கெட்டியான உணவுக்கு மாறும் குட்டி கக்கத் தொடங்கினால், இதயத்தின் அருகே பிறவியிலேயே தவறாக அமைந்த ரத்தக்குழாய் ஒன்று உணவுக்குழாயை இறுக்கிக்கொண்டிருக்கலாம். மணிக்கு மூன்று வயது என்பதால் அந்த வாய்ப்பு குறைவு.

மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாணம் கிளறுவதையும் கோழிக்கழிவையும் பற்றி நீங்கள் எழுதியதுதான் காரணம். ஸ்பைரோசெர்கா லூபை என்று ஒரு புழு இருக்கிறது. வெப்பமான நாடுகளில் நாய்களுக்கு வருவது, இந்தியாவின் பல மாநிலங்களில் பதிவாகியிருக்கிறது. நோய் கண்ட நாயின் மலத்தில் அதன் முட்டை வெளியேறும். சாணி வண்டு அந்த மலத்தைத் தின்னும்போது முட்டையும் உள்ளே போகும், வண்டின் உடலுக்குள் இளம்புழு வளரும். அந்த வண்டை நாய் தின்றால் புழு நாய்க்குப் போய்விடும். வண்டைத் தின்ற கோழி, பல்லி, எலி போன்றவற்றை நாய் தின்றாலும் அப்படியே. நாட்டுக்கோழியின் பச்சைக் குடலைப் போடுவதும் இந்த வகையில் ஆபத்து.

உள்ளே போன இளம்புழு இரைப்பைச் சுவரைத் துளைத்து, ரத்தக்குழாய்ச் சுவர் வழியாகவே ஊர்ந்து, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய தமனியை அடைகிறது. அங்கே சில மாதங்கள் தங்கிவிட்டு, பக்கத்திலிருக்கும் உணவுக்குழாயின் சுவருக்குள் புகுந்து கட்டியை உண்டாக்குகிறது. கட்டி பெரிதாகப் பெரிதாக உணவு இறங்குவது தடைப்படும். கவனிக்காமல் விட்டால் சில நாய்களில் அந்தக் கட்டியே புற்றாக மாறும். வழக்கமான பூச்சி மாத்திரைக்கு இந்தப் புழு கட்டுப்படாது. ஆகவே பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டது என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

இதற்கு மருந்து இருக்கிறது. ஆனால் மாட்டுக்கு வாங்கி வைத்த ஐவர்மெக்டின் ஊசியை நீங்களாகவே போட்டுவிடாதீர்கள். நாய்க்கான அளவு வேறு. கோலி போன்ற சில இன நாய்களுக்கு அந்த மருந்து நரம்பைப் பாதித்து உயிரையே பறித்துவிடும். மணி கலப்பினம், அதன் ரத்தத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்வையிலேயே சொல்லிவிட முடியாது.

எங்கே காட்டுவது?

ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி உங்களுக்குத் தூரமில்லை. 1955-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கே இருக்கிறது. 2005-இல் உருவான ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. முதலில் மார்புப் பகுதிக்கு எக்ஸ்ரே எடுப்பார்கள். தேவைப்பட்டால் பேரியம் மருந்து கலந்த உணவு கொடுத்து மறுபடி எடுப்பார்கள், அல்லது எண்டோஸ்கோப் குழாய் செலுத்திப் பார்ப்பார்கள். மலப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஆனால் ஒருமுறை முட்டை தெரியவில்லை என்பதால் புழு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அதுவரை வீட்டில்

ஒரு நாள் உணவை நான்கு பங்காக்கிக் கொடுங்கள். வேறு நாயோ கோழியோ பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். கிண்ணம் வேண்டாம், அகலமான தாம்பாளத்தில் மெல்லிதாகப் பரப்பி வைத்தால் அள்ளி விழுங்க முடியாது.

மணியின் முன்னங்கால்கள் வாசற்படியின் மேல்படியிலும் பின்னங்கால்கள் கீழ்ப்படியிலும் இருக்கும்படி நிறுத்தி, தட்டை அதன் மார்பு உயரத்துக்கு ஒரு முக்காலியில் வையுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகும் பதினைந்து இருபது நிமிடம் அதே நிலையில் நிற்கட்டும், பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொடுத்தால் நிற்கும். உணவு தன் பாரத்தாலேயே கீழே இறங்க இது உதவும். சில நாய்களுக்குக் கஞ்சிப் பதம் ஒத்துக்கொள்ளும், சிலவற்றுக்குச் சிறு உருண்டைகளாகப் பிடித்துக் கொடுத்தால்தான் தங்கும். இரண்டையும் கொடுத்துப் பார்த்து எது தங்குகிறது என்று கவனியுங்கள். உணவுக்குழாய்க் கோளாறு இல்லாத நாய்களுக்குத் தட்டை இப்படி உயர்த்தத் தேவையில்லை.

கக்கும் நாய்க்கு இன்னோர் ஆபத்து உண்டு. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் சீழ் பிடிக்கலாம். மணி தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். முப்பதைத் தாண்டினாலோ, இருமல், காய்ச்சல் இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

பூண்டு வேண்டாம். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. தயிர்சாதம் கொஞ்சம் கொடுத்தால் தீங்கில்லை, ஆனால் அது மணிக்கு வைத்தியம் ஆகாது. கோழிக்கழிவைப் பச்சையாகப் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். கொட்டகைக்குள் மணி போகாமல் தடுப்பு வையுங்கள். மணியின் மலத்தை அன்றன்றே அள்ளி, வண்டு அண்டாதபடி ஆழமாகப் புதையுங்கள்.

மற்ற வாசகர்களுக்கும் சில வார்த்தைகள்

நன்றாக இருந்த பெரிய நாய் ஓரிரு முறை வாந்தி எடுத்துவிட்டு உற்சாகமாகவே இருந்தால் பதற வேண்டியதில்லை. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் உணவை நிறுத்துங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிறகு குழைய வேகவைத்த சோற்றில், தோலும் எலும்பும் நீக்கி உப்பும் மசாலாவும் இல்லாமல் அவித்த கோழிக்கறியைப் பிசைந்து, சிறிது சிறிதாக இரண்டு மூன்று நாள் கொடுங்கள். குட்டிகளையும் மிகச் சிறிய நாய்களையும் சர்க்கரை நோயுள்ள நாய்களையும் பட்டினி போடாதீர்கள்.

ஆனால் சில அறிகுறிகளைக் கண்டால் காத்திருக்கவே கூடாது. பெரிய நாய் குமட்டிக்கொண்டே இருக்கிறது, எதுவும் வரவில்லை, வயிறு உப்புகிறது என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். வாந்தியில் ரத்தம், கறுத்த மலம், தண்ணீரும் தங்காத நிலை, ஒரே நாளில் பலமுறை வாந்தி, சோர்ந்து படுத்துவிடுவது ஆகியவையும் அவசரம்தான். மேலுதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்புக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் உடனே வண்டி பிடியுங்கள்.

தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகக் கிடந்தால் பார்வோ வைரஸாக இருக்கலாம். இந்தியாவில் 1982-லேயே பதிவான நோய் இது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி போட்டு, பதினாறு வாரம் வரை தவணை தவறாமல் தொடர்ந்தால் இதைத் தடுத்துவிடலாம்.

சித்தூர், திருப்பதிப் பக்கம் பெங்களூரா மாம்பழம் வந்து குவியும் காலத்தில் மாங்கொட்டையை நாய்க்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் குடலை அடைத்துவிடும், பிறகு அறுவை சிகிச்சைதான் வழி. இப்படி அடைப்பு இருக்கும்போது வாந்தி மாத்திரை கொடுத்தால் அறிகுறி மறையும், அடைப்பு அப்படியே இருக்கும். திராட்சை, உலர்திராட்சை, புளி ஆகியவற்றில் உள்ள டார்டாரிக் அமிலம் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று அண்மைக்கால ஆய்வுகள் சுட்டுகின்றன. புளியோதரை, புளிக்குழம்பு, உலர்திராட்சை போட்ட லட்டு ஆகியவற்றைப் பாசத்துக்காகக்கூட நாய்க்குக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால், டைக்ளோபினாக் போன்ற மனித மாத்திரைகளும் கூடாது. எலிமருந்தோ பூச்சிமருந்தோ தின்றிருந்தால், உப்பைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். மருந்தின் அட்டையோடு நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமான ஒன்று. தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் வாயைத் திறந்தபடி, எச்சில் ஒழுக, தண்ணீர் விழுங்க முடியாமல், குரல் மாறி ஒரு நாய் நின்றால் அதன் வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோயின் ஒரு வடிவம் அப்படித்தான் தோன்றும். எலும்பை எடுக்கிறேன் என்று கையை விட்டவர்களுக்கு நோய் தொற்றும் ஆபத்து உண்டு. எச்சில் காயத்தில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கும் வருடாந்திர வெறிநோய்த் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால், திருப்பதி போகும்போது அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சகோதரி, மூன்று வாரம் போய்விட்டது, இனியும் தள்ளிப்போடாதீர்கள். உணவுக்குழாய்க் கோளாறைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் சமாளிக்க வழி உண்டு, புழுக்கட்டியாகவே இருந்தாலும் தொடக்கத்தில் மருந்துக்குக் கட்டுப்படும். வீடியோவையும் குறிப்புத் தாளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே மணியை அழைத்துப் போங்கள்.