தற்காப்பும் மார்க்கக் கடமையே

தேவதானப்பட்டியில் ஓரிரவு இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் சிலர் அமர்ந்திருந்தோம். நாள்தோறும் பஸ் ஏறிப் பெரியகுளம் சென்று படித்து வரும் மகளையுடைய சகோதரர் ஒருவர், "பிள்ளை திரும்பி வருவதற்குள் இருட்டிப் போகிறது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சிலம்பம் பழகுகிறார்கள். நம் பிள்ளையையும் அனுப்பலாமா? மார்க்கத்தில் அதற்கு இடமுண்டா?" என்று கேட்டார். உடனே பெரியவர் ஒருவர், "அல்லாஹ் காப்பான், பாய். ஆயத்துல் குர்ஸீ ஓதி அனுப்புங்கள், போதும். பொம்பளைப் பிள்ளைக்குக் கம்பு எதற்கு?" என்றார். கேட்டவர் வாய் மூடிக்கொண்டார். ஆனால் அவர் முகத்திலிருந்த கவலை போகவில்லை.

பெரியவர் சொன்னதில் பாதி உண்மை. காப்பவன் அல்லாஹ் ஒருவனே. ஓதுவது நம் கேடயம். ஆனால், ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கவா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் அருளியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள்தாமே! ஓதுவதும் வேண்டும், கட்டுவதும் வேண்டும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

உயிர் நமக்குச் சொந்தமன்று. அல்லாஹ் தந்த அமானிதம். உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்பது திருமறையின் கட்டளை. ஓர் உயிரை வாழ வைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழ வைத்தவர் போன்றவர் என்றும் அது கூறுகிறது. தம் உயிரையும், குடும்பத்தையும், பொருளையும், தீனையும் காக்கப் போராடி இறந்தவர் ஷஹீது என்பது நாயகம் (ஸல்) அவர்களின் அருள்வாக்கு. பலவீனமான மூமினைவிடப் பலமுள்ள மூமின் அல்லாஹ்வுக்கு விருப்பமானவர், எனினும் இருவரிடமும் நன்மை உண்டு என்பது முஸ்லிம் ஷரீபில் வரும் செய்தி.

தொழுகையைவிட மேலான அமல் எது? அந்தத் தொழுகையில் நிற்கும்போதே ஒருவர் உயிருக்கு ஆபத்தென்று அபயக்குரல் கொடுத்தால், காப்பாற்றும் சக்தியுள்ளவர் தொழுகையை முறித்துக்கொண்டு ஓட வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. தொழுகையில் இருக்கும்போதும் பாம்பையும் தேளையும் கொல்ல அனுமதியுண்டு. உயிர் காப்பதற்கு மார்க்கம் எவ்வளவு மதிப்பளிக்கிறது என்று பாருங்கள்!

பெண்களுக்கு இது ஆகுமா என்கிறீர்களா? உஹதுப் போர்க்களத்தில் நாயகம் (ஸல்) அவர்களைச் சூழ்ந்து காத்து, உடலெங்கும் காயம் பட்டவர்களில் உம்மு உமாரா (ரலி) அவர்களும் ஒருவர். அகழ்ப் போரின்போது பெண்களும் குழந்தைகளும் தங்கியிருந்த கோட்டையைச் சுற்றி வந்த எதிரியைக் கம்பு ஒன்றை எடுத்து வீழ்த்தியவர் நாயகத்தின் மாமி ஸஃபிய்யா (ரலி) அவர்கள். ஹபஷிகள் ஈட்டி வித்தை பயின்றதோ மதீனத்துப் பள்ளிவாசலில்! ஆயிஷா (ரலி) அவர்கள் அதைப் பார்த்து மகிழ, நாயகம் (ஸல்) அவர்களே தம் மேலாடையால் மறைத்து நின்றார்கள்.

நம் மண்ணின் கலை

நம்மில் பலர் இராவுத்தர் என்று பெயர் தாங்குகிறோம். அது குதிரை வீரரைக் குறிக்கும் சொல். நம் பக்கத்து ஊர்களில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னே கம்பு சுற்றிப் போனதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிலம்பம் நமக்குப் புதிதன்று. பயில்பவரின் நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு; முதலில் காலடி, பிறகு சுற்று, வீச்சு, தடுப்பு என்று படிப்படியாக வரும். கம்பில்லாத வேளைக்குக் குத்துவரிசையும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. ஆணும் பெண்ணும் அதைப் பயில்கிறார்கள்.

பயில அனுப்புமுன் சில மஸ்அலாக்களை மனத்தில் கொள்வோம். ஆசானுக்கு மரியாதை செய்வது நம் கடமை. ஆனால் ருகூவு போலக் குனிவதும் காலில் விழுவதும் நமக்கு ஆகாது. ஸலாமோ வணக்கச் சொல்லோ சொல்லி, நெஞ்சில் கை வைத்து மரியாதை செய்ய அனுமதி கேளுங்கள். பணிவாகக் கேட்டால் மறுக்கும் ஆசான்கள் குறைவே. அவ்ரத்தை மறைக்கும் உடை வேண்டும். பெண்மக்களுக்குப் பெண் ஆசிரியையைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் தாயோ மஹ்ரமான உறவினரோ உடனிருக்கட்டும். முகத்தில் அடிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். பயிற்சியிலும் அதைப் பேணுக. தொழுகை நேரம் தப்பக் கூடாது.

நான்கு படிகள்

ஒருவன் என் பொருளைப் பறிக்க வந்தால் என்ன செய்வது என்று ஒரு தோழர் கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்த எடுப்பில் அடி என்று சொல்லவில்லை. முதலில் அல்லாஹ்வை நினைவூட்டு. கேட்காவிட்டால் சுற்றியுள்ளோரிடம் உதவி தேடு. யாருமில்லாவிட்டால் ஆட்சியாளரிடம் உதவி தேடு. அதற்கும் வழியில்லாவிட்டால் போராடு என்று படிப்படியாகக் கற்றுத் தந்தார்கள். நஸாயீயில் இச்செய்தி உள்ளது.

நம் பிள்ளைகளுக்கும் இதே வரிசைதான் பாடம். உரத்த குரலில் "போ!" என்று சொல். கூட்டமுள்ள கடைக்கோ வீட்டுக்கோ ஓடு. ஓடுவது கோழைத்தனமன்று, அதுவே முதல் வெற்றி. காவல்துறைக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்களை மனப்பாடம் செய்துகொள். வேறு வழி அடைபட்ட பிறகே கை. அதுவும் தப்பிக்கும் வரை மட்டுமே. கழுத்துச் சங்கிலிக்காகப் போராட உரிமையுண்டு. ஆனால் கத்தியோடு நிற்பவனிடம் சங்கிலியை விட்டுவிட்டு உயிரோடு வீடு வந்து சேர்வதும் அறிவே.

நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பேசுகின்றன. தன் உடலை மட்டுமன்று, பிறர் உடலைக் காக்கவும் உரிமையுண்டு. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசமிருந்தால் அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. ஆபத்தின் அச்சம் தொடங்கும்போது பிறக்கும் உரிமை, அச்சம் நீங்கியதும் நீங்கிவிடும். விழுந்தவனை மிதிப்பது தற்காப்பன்று, பழிவாங்கல். வரம்பு மீறுவோரை அல்லாஹ் நேசிப்பதில்லை.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

2012-ஆம் ஆண்டு மதுரையில் ஒரு தாய், தம் மகளிடமே தகாத முறையில் நடக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், அவன் இறந்தான். அன்றைய தண்டனைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவைச் சுட்டிக் காவல்துறை அத்தாயைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவித்தது. இதை எழுத நம் கை நடுங்குகிறது. ஆயினும் சொல்லாமலிருக்க முடியாது. ஆபத்து இருட்டிலிருந்தும் பஸ் நிலையத்திலிருந்தும் மட்டும் வருவதில்லை. உறவென்ற பெயரில் வீட்டுக்குள்ளிருந்தும் வருகிறது. அங்கே கம்பைவிட முந்தி உதவுவது பெற்றோரின் காது. "அத்தா, எனக்கு அவர் வருவது பிடிக்கவில்லை" என்று பிள்ளை சொன்னால் அதட்டாதீர்கள், உட்கார்ந்து கேளுங்கள், நம்புங்கள். தன்னைக் காத்துக்கொள்ள இயலாமற் போன பிள்ளை மீது எள்ளளவும் குற்றமில்லை என்று அதற்குச் சொல்லுங்கள். குற்றம் அநீதி செய்தவன் மீதே.

ஆண்மக்களுக்கும் ஒரு சொல். கம்பு பழகிய கை வீட்டில் ஓங்குமானால், அந்தக் கை கற்றது கல்வியன்று. நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் பாதையில் போரிட்டதைத் தவிர, தம் கரத்தால் எந்தப் பெண்ணையும் பணியாளரையும் ஒருபோதும் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் வீரனல்லன். கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்பதும் நபிமொழியே.

அந்தத் திண்ணைச் சகோதரருக்கு நாம் சொல்லும் விடை இதுதான்: பிள்ளையை அனுப்புங்கள். அதோடு, பஸ் வரும் நேரத்துக்கு நீங்களும் நிறுத்தத்தில் போய் நில்லுங்கள். ஆயத்துல் குர்ஸீயையும் ஓதச் சொல்லுங்கள். மூன்றும் சேர்ந்ததே தவக்குல்.

வல்ல ரஹ்மான் நம்மையும் நம் மக்களையும் எல்லா ஆபத்துகளிலிருந்தும் காத்து, அநீதி செய்யாதவர்களாகவும் அநீதிக்கு ஆளாகாதவர்களாகவும் வாழ அருள்வானாக! ஆமீன்.